வெளியூர் வாத்தியம், அயர்லாந்து விரல்

பப்பில் ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து, பக்கத்தில் பியர் கிளாஸை வைத்துக்கொண்டு, நடத்துநர் யாரும் இல்லாமல் ஒரே மெட்டை வாசிப்பார்கள். செஷன் என்று இதற்குப் பெயர். அயர்லாந்து என்றாலே சுற்றுலா விளம்பரங்களில் வருகிற காட்சி இது. பார்த்தால் கெல்டிக் மன்னர்கள் காலத்துப் பழக்கம் என்று தோன்றும். ஆனால் நாம் இன்று பார்க்கும் வடிவத்துக்கு எண்பது வயதுதான் இருக்கும். பிறந்த இடமும் அயர்லாந்து இல்லை, லண்டன். இரண்டாம் உலகப் போரில் இடிந்த நகரத்தைக் கட்ட வந்த ஐரிஷ் கூலித் தொழிலாளர்கள் கேம்டன் டவுன் பக்கத்துப் பப்புகளில் தொடங்கிவைத்த வழக்கம் அது. சொந்த ஊரில் அவர்கள் வாசித்தது சமையலறையில், ஆடுகிறவர்களுக்காக. லண்டனில் கிடைத்த வாடகை அறையில் கட்டில் போட்டால் நடக்க இடம் கிடையாது. வாத்தியத்தை எடுத்தால் வீட்டுக்காரம்மா கதவைத் தட்டுவாள். அதனால் பப்புக்குப் போனார்கள். ஆட இடமில்லாத பப்பில், ஆட்டத்துக்கென்று பிறந்த மெட்டுகள் முதல் தடவையாகச் சும்மா உட்கார்ந்து கேட்கிற இசையாக மாறின.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் என்னோடு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேயோ மாவட்டத்திலிருந்து வந்த பெற்றோருக்கு மான்செஸ்டரில் பிறந்தவர். மர ஃப்ளூட் வாசிப்பார். நான் கும்பகோணத்தில் சின்ன வயதில் வயலின் கற்றவள் என்று தெரிந்ததிலிருந்து விடவில்லை. "மூணாவது வியாழக்கிழமை எங்க ஐரிஷ் சாயங்காலம். வாசிக்க வேண்டாம், வந்து உட்காருங்க போதும்" என்றார்.

அவர் கூப்பிட்டது மான்செஸ்டரில் ஒரு ஃபோக் கிளப்புக்கு. இங்கிலாந்தில் 1950களின் நடுவில் முளைத்த அமைப்பு இது. கிளப் என்றதும் சொந்தக் கட்டடம், உறுப்பினர் அட்டை என்று கற்பனை செய்ய வேண்டாம். ஏதோ ஒரு பப்பின் மாடியறை அல்லது பின்னறை, வாரத்தில் ஒரு ராத்திரி. வாசலில் ஒரு மேசை, ஒரு தகரப் பெட்டி, காசு வாங்கிக்கொண்டு கையில் முத்திரை குத்தும் ஒரு அம்மாள். ஒலிபெருக்கி கிடையாது. வழக்கமாகப் பாடும் உள்ளூர்க்காரர்கள் நாலைந்து பேர் முதலில் பாடுவார்கள். பிறகு கூட்டத்திலிருந்து யார் வேண்டுமானாலும் எழுந்து ஆளுக்கு இரண்டு பாட்டுப் பாடலாம். அதன் பிறகுதான் அன்றைக்கு அழைத்திருக்கும் கலைஞர். அவருக்கும் அதே நாற்காலிதான். நடுவில் இடைவேளை, ராஃபிள் குலுக்கல். பரிசு ஒரு ஒயின் பாட்டில், ஒரு பிஸ்கட் டப்பா, யாரோ படித்து முடித்த புத்தகம். அழைத்த கலைஞரின் சம்பளத்தில் ஒரு பகுதி இந்தக் குலுக்கலிலிருந்துதான் வருகிறது என்பதால் சீட்டு வாங்காமல் தப்பிக்க முடியாது.

ஐரிஷ் சாயங்காலத்தில் மட்டும் நாற்காலி வரிசை மாறும். இவர்களுடைய மாடியறையின் நடுவே இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, வாத்தியக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்து உட்காருவார்கள். நாம் அவர்களுடைய முதுகுகளுக்குப் பின்னால். சங்கீத சபா பழக்கத்தில் வந்தவளுக்கு இது மரியாதைக் குறைவாகத்தான் முதலில் படும். கச்சேரியே அவர்களுக்குள் நடக்கிறது, நாம் எட்டிப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

மேசையில் என்னென்ன இருந்தன? இரண்டு ஃபிடில். ஃபிடில் என்றால் வயலினேதான், வேறு வாத்தியம் இல்லை. ஒரு கான்செர்டினா, ஒரு பொத்தான் அக்கார்டியன், என் நண்பரின் மர ஃப்ளூட், இரண்டு மூன்று தகர விசில், ஒரு புஸூக்கி, ஒரு பௌரான், ஓரத்தில் தனியாக ஒரு இல்லன் பைப். இவற்றில் அயர்லாந்து மண்ணில் உருவானது எது என்று கணக்கெடுத்தால் கடைசி இரண்டைத்தான் காட்ட முடியும்.

தகர விசிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரிஷ் இசையின் அடையாளமே அதுதான் என்பார்கள். அதைத் தொழில்முறையில் செய்யத் தொடங்கியவர் ராபர்ட் கிளார்க் என்ற ஆங்கிலேயப் பண்ணைக் கூலியாள், 1843இல், சஃபோக் மாவட்டத்துக் கோனி வெஸ்டன் கிராமத்தில். அங்கிருந்து தள்ளுவண்டியில் கருவிகளை ஏற்றிக்கொண்டு மகனோடு நடந்தே மான்செஸ்டருக்கு வந்து பட்டறை போட்டார் என்பது அந்தக் கம்பெனியின் குடும்பக் கதை. கான்செர்டினா இன்னும் வேடிக்கை. பிளஸ் டூ இயற்பியலில் வீட்ஸ்டோன் சமனச்சுற்று படித்திருப்பீர்களே, அந்தச் சார்ல்ஸ் வீட்ஸ்டோன்தான் ஆங்கிலக் கான்செர்டினாவை வடிவமைத்தவர். ஐரிஷ்காரர்கள் வாசிப்பது ஜெர்மன் பொத்தான் முறையைக் கலந்து செய்த ஆங்கிலோ வகை. துருத்தியை இழுத்தால் ஒரு சுரம், தள்ளினால் வேறு சுரம். கிளேர் மாவட்டத்தில் அது பெண்களின் வாத்தியமாகவே இருந்தது. மர ஃப்ளூட் வந்த வழியும் இப்படித்தான். 1847இல் தியோபால்ட் பேம் புதிய சாவி முறையோடு உலோக ஃப்ளூட்டைக் கொண்டுவந்தார். மேற்கத்திய இசைக்குழுக்காரர்கள் மெல்ல மெல்ல அதற்கு மாறி, பழைய மர ஃப்ளூட்டுகளைக் கழித்துக் கட்டினார்கள். அடகுக் கடைக்கு வந்தவற்றை ஐரிஷ்காரர்கள் மலிவாக வாங்கிக்கொண்டார்கள். புஸூக்கி கிரேக்க நாட்டுத் தந்தி வாத்தியம். ஜானி மோய்னிஹான் என்ற இசைக்கலைஞர் 1960களின் நடுவில்தான் அதை ஐரிஷ் இசைக்குள் இழுத்துவந்தார். இன்று பல மேசைகளில் அதைப் பார்க்கலாம்.

பௌரான் என்பது ஆட்டுத்தோல் கட்டிய வட்டப் பறை. சிறு குச்சியின் இரண்டு முனைகளாலும் தட்டுவார்கள், மற்றக் கை தோலின் உட்புறத்தை அழுத்தித் தொனியை மாற்றும். பழைய நாட்களில் பெரும்பாலும் டிசம்பர் 26 அன்று வேஷம் கட்டி வீடு வீடாகப் போகிறவர்கள் கையில்தான் அது இருந்தது. ஷான் ஓ ரியாடா என்ற இசையமைப்பாளர் 1960களில் தன் குழுவில் சேர்த்த பிறகே அதற்குச் சபை மரியாதை வந்தது. அந்த மரியாதை கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்பது என் அபிப்பிராயம். கற்பது சுலபம் என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏராளம். ஒரே மேசையில் இரண்டு பௌரான் சேர்ந்தால் ஃபிடில் காணாமல் போய்விடும். பௌரானைப் பேனாக்கத்தியால் வாசிப்பதுதான் உத்தமம் என்று மாபெரும் பைப் கலைஞர் ஷேமஸ் எனிஸ் சொன்னதாக ஒரு கிண்டல் உலவுகிறது. அன்றைக்கு வாசித்த பெண் நல்லவேளையாகப் பாதி மெட்டுகளில் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அதுவே அவருடைய தரத்தைக் காட்டியது.

இல்லன் பைப்புக்கு வருகிறேன். ஸ்காட்லாந்துக்காரர் வாயால் ஊதி, நின்றுகொண்டு, மைதானத்தில் வாசிக்கும் பைப் இல்லை இது. வாய்க்கு வேலையே கிடையாது. வலது முழங்கைக்கு அடியில் ஒரு துருத்தி, இடது கைக்கு அடியில் ஒரு காற்றுப் பை. உட்கார்ந்துதான் வாசிக்க முடியும். பெல்ட், வார், குழாய் என்று ஒவ்வொன்றாகக் கட்டிக்கொள்வதே அடம் பிடிக்கும் குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோல் நேரம் பிடிக்கும். மெட்டை வாசிக்கும் குழாயின் பெயர் சான்டர். இரண்டு ஸ்தாயி பேசும். மூன்று சுருதிக் குழாய்கள் விடாமல் ரீங்கரிக்கும். இவை போதாதென்று ரெகுலேட்டர் என்று இன்னும் மூன்று குழாய்கள் தொடைமேல் கிடக்கும். விரல்கள் சான்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டின் ஓரத்தால் அவற்றின் சாவிகளைத் தட்டிச் சுரக்கூட்டு எழுப்ப வேண்டும். கற்க ஏழு வருஷம், பழக ஏழு வருஷம், வாசிக்க ஏழு வருஷம் என்று இந்த வாத்தியத்துக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். யுனெஸ்கோ 2017இல் இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அன்றைக்கு வாசித்தவர் பகலில் எலக்ட்ரீஷியன். சான்டரின் அடிவாயைத் தொடையில் பதித்து மூடிச் சுரங்களை வெட்டி வெட்டி நிறுத்தினார். நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த எனக்கு, காற்றுக் கருவியில் இப்படி ஒரு மௌனத்தைச் செருக முடியும் என்பதே புதிதாக இருந்தது.

இந்த இசையை எப்படிக் கேட்பது? முதல் கால் மணி நேரம் எல்லாமே ஒன்றாகத்தான் கேட்கும். வேகம், இன்னும் வேகம். கொஞ்சம் பிடிமானம் கொடுக்கிறேன். ஜிக் என்றால் திச்ரம்: தகிட தகிட என்று காலால் தட்டிப் பார்க்கலாம். ரீல் என்றால் தகதிமி தகதிமி. ஸ்லிப் ஜிக் மூன்று தகிட சேர்ந்த ஒன்பது. கார்க், கெர்ரி எல்லைப்புறத்து ஸ்லீவ் லூக்ரா பகுதிக்காரர்கள் போல்காவில் மன்னர்கள். மெட்டின் கட்டுமானம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். எட்டு பார் கொண்ட முதல் பகுதி இரண்டு தடவை, எட்டு பார் கொண்ட இரண்டாம் பகுதி இரண்டு தடவை, ஆக முப்பத்திரண்டு. அந்த முப்பத்திரண்டையும் மூன்று சுற்று வாசித்துவிட்டு, மூச்சு விடாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். எந்த மெட்டுக்கு என்பது பெரும்பாலும் முன்கூட்டிப் பேசி வைத்ததில்லை. தொடங்கியவர் புருவத்தை உயர்த்துவார், ஒரு 'ஹப்' கேட்கும், முதல் இரண்டு சுரத்திலேயே மற்றவர்கள் தொற்றிக்கொள்வார்கள். சுருதி மாறும் அந்த நொடிக்காகவே காத்திருப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி.

சுர வரிசைகளும் நமக்கு அந்நியம் இல்லை. பெரும்பாலான மெட்டுகள் சங்கராபரணம், ஹரிகாம்போதி, கரகரப்பிரியா, நடபைரவி ஆகிய நான்கு மேளங்களின் சுரங்களுக்குள் அடங்கிவிடும். ராகம் என்று நினைத்துத் தேடினால் ஏமாற்றம்தான். ஆலாபனை கிடையாது, சுரத்தை அசைப்பது கிடையாது. வித்தை வேறிடத்தில் இருக்கிறது. ஃபிடில்காரரின் இடது கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வாத்தியார் விரலைத் தந்தியில் வழுக்கச் சொல்லிக்கொடுத்தார். இங்கே விரல் வழுக்குவது அபூர்வம், சொடுக்குகிறது. மேல் சுரத்தைத் தொட்டும் தொடாமலும் ஒரு தட்டு, அதன் பெயர் கட். ஒரே நீண்ட சுரத்தை மேலும் கீழும் தட்டி ஐந்தாக உடைத்தால் ரோல். முதல் சுற்றில் ரோல் வந்த இடத்தில் இரண்டாம் சுற்றில் வெறும் சுரம், மூன்றாவதில் வில்லை ஒரு நொடி முந்தித் திருப்புவது. மெட்டு மாறவில்லை, ஆனால் மூன்று சுற்றும் மூன்று விதம். மேசையில் இருக்கிற எல்லோரும் ஒரே மெட்டை வாசித்தாலும் ஒவ்வொருவரின் பொடிச் சங்கதிகள் வேறு. அவை உரசிக்கொள்வதில்தான் இந்த இசையின் ருசி. நோட்டுப் புத்தகம் யாரிடமும் இல்லை. ஒவ்வொருவர் தலையிலும் நூற்றுக்கணக்கான மெட்டுகள் இருக்கும். பெயர் கேட்டால்தான் முழிப்பார்கள்.

அப்படியானால் இவ்வளவு மெட்டுகளும் எப்படித் தப்பிப் பிழைத்தன? 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். ஊரோடு பாட்டும் காலியானது. அதைச் சேர்த்து எழுதியவர் ஒரு போலீஸ்காரர். கார்க் மாவட்டத்தில் 1848இல் பிறந்த ஃபிரான்சிஸ் ஓநீல், பதினாறு வயதில் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, கப்பல் உடைந்து உயிர் தப்பி, கடைசியில் சிகாகோ போலீசில் சேர்ந்து 1901இல் அதன் தலைவரானார். நகரம் முழுக்க ஐரிஷ் குடியேறிகள். அவர்களிடம் கேட்ட மெட்டுகளை ஓநீல் வாசித்துக் காட்டுவார், ஜேம்ஸ் ஓநீல் என்ற சார்ஜென்ட் (உறவினர் இல்லை) நோட்டு எழுதுவார். 1903இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் 1,850 மெட்டுகள். நல்ல பைப்காரர் யாராவது கப்பலிலிருந்து இறங்கினால் அவருக்குப் போலீஸ் வேலை நிச்சயம் என்று ஒரு பேச்சு உண்டு. நிர்வாக ஊழல் என்று பார்த்தால் ஊழல்தான். ஆனால் அயர்லாந்திலேயே பல வாத்தியக்காரர்கள் மெட்டுக் கற்றது சிகாகோவிலிருந்து வந்த அந்தப் புத்தகங்களில்.

சிகாகோ புத்தகம் அனுப்பியது, நியூயார்க் இசைத்தட்டு அனுப்பியது. ஸ்லைகோ மாவட்டத்து ஃபிடில்காரர் மைக்கேல் கோல்மன் 1914இல் அமெரிக்கா போனவர். 1920களிலும் 30களிலும் அவர் பதிந்த இசைத்தட்டுகள் தபாலில் ஊர் திரும்பின. ஒரு கிராமஃபோனைச் சுற்றி ஊரே உட்கார்ந்து கேட்டது. அவர் எந்த மெட்டுக்குப் பிறகு எந்த மெட்டை வாசித்தாரோ அதே வரிசையில் இன்றும் வாசிக்கிறார்கள். அன்று ராத்திரியும் அப்படி ஒரு கோவை வந்தது, என் நண்பர் திரும்பிப் பார்த்து "கோல்மன்" என்று உதட்டசைத்தார். இதில் நஷ்டமும் உண்டு. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித்தனி வில் போக்கு இருந்த காலம் அது. கோல்மனைக் கேட்டவர்கள் பலர் தங்கள் ஊர்ப் பாணியை விட்டுவிட்டு ஸ்லைகோ பாணிக்குத் தாவினார்கள்.

அதே நாட்களில் ஊருக்குள் வேறு நெருக்கடி. பாதிரியார்களுக்கு வீட்டு நடனங்கள் பிடிக்கவில்லை. இருட்டில் ஆணும் பெண்ணும் நடந்து வீடு திரும்புகிறார்கள் என்பதுதான் முக்கியக் கவலை. 1935இல் பொது நடனத்துக்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் வந்தது. சட்டம் வீட்டுச் சமையலறையைச் சொல்லவில்லை என்றாலும், பல ஊர்களில் போலீசும் பாதிரியாரும் அங்கேயும் நுழைந்தார்கள். மேற்கு மாவட்டங்களிலிருந்து இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்த இளைஞர்களின் பெட்டியில் ஃபிடில் இருந்ததற்கும், அது கேம்டன் டவுனில் திறக்கப்பட்டதற்கும் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது. பைப் கலைஞர் வில்லி கிளான்சி 1950களில் லண்டனில் தச்சு வேலை பார்த்தவர்தான். பிறகு சொந்த ஊரான மில்டவுன் மால்பேக்குத் திரும்பினார். அவர் 1973 ஜனவரியில் இறந்தார். அதே வருஷம் அவர் பெயரில் தொடங்கிய கோடைப்பள்ளி இன்றும் ஜூலையில் அந்தச் சின்ன ஊரை நிரப்புகிறது.

பிறந்த இடத்தை வைத்து ஒரு வாத்தியத்தை எடைபோடும் பழக்கம் எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை. வயலின் நம்முடையதானது எப்படி? பாலுஸ்வாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பிய வாசிப்பைக் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். அவருடைய அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதரோ கோட்டை பேண்டு மெட்டுகளுக்கு நோட்டுஸ்வரமாக சமஸ்கிருதச் சாகித்யம் போட்டார். அவற்றில் ஒன்றின் மெட்டு ஸ்காட்லாந்து ரீல் ஒன்றுதான் என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். இடைவேளையில் இதை அந்த ஃபிடில்காரரிடம் சொன்னேன். "அப்ப நீங்க எங்களுக்கு ராயல்டி தரணும்" என்றார். ராஃபிள் சீட்டு ஒன்று கூடுதலாக வாங்கிக் கடனைத் தீர்த்தேன்.

இரண்டாம் பாதியில் ஒரு மூதாட்டி பாடினார். கான்னமாரா பகுதிக்காரர், ஐரிஷ் மொழியில், பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல். ஷான் நோஸ் என்று இந்தப் பாணியைச் சொல்கிறார்கள். தாளம் கிடையாது, சொல்லின் போக்கில் மெட்டு நீளும், சுருங்கும், சுரங்கள் உதிரும். கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் பாவம் எதுவும் காட்டவில்லை. காட்டுவது அந்தப் பாணியில் அழகும் இல்லை. பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பாட்டின் ஏற்ற இறக்கத்தோடு மெல்லச் சுழற்றினார். அதுவும் மரபுதான். கடைசி வரியைப் பாடாமல், பேச்சுக் குரலில் சொல்லி முடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. அன்றைய ராத்திரியில் மிகச் சிறந்தது அதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை.

அதற்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து பாடிய பாட்டு ஒன்று உண்டு: 'டர்ட்டி ஓல்ட் டவுன்'. டப்ளினர்ஸ், போக்ஸ் குழுக்கள் பாடிப் பாடி, அயர்லாந்துப் பாட்டு என்றே உலகம் நம்புகிறது. எழுதியவர் இவான் மக்கோல், இங்கிலாந்தில் ஃபோக் கிளப்புகளைக் கிளப்பிவிட்ட முன்னோடிகளில் ஒருவர். பாடுவது நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்திலிருக்கும் சால்ஃபோர்டைப் பற்றி. அந்த அறையில் சால்ஃபோர்டுக்காரர்கள் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள்தான் உரக்கப் பாடினார்கள்.

ஃபோக் கிளப்புக்கும் இந்த இசைக்கும் முழுசாக ஒத்துப்போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிளப்பில் யாராவது பாடினால் இருமக்கூடாது. கீழ்த்தளத்துப் பப்பில் நடக்கும் செஷனில் பேசலாம், குடிக்கலாம், முதுகைத் திருப்பிக்கொண்டு கால்பந்து பார்க்கலாம். பாட்டு வந்தால் மட்டும் அமைதி. மாடியில் எல்லோரும் கவனமாகக் கேட்கக் கேட்க, வாசிப்பவர்கள் சற்றே விறைப்பார்கள். வயதும் ஒரு பிரச்சினை. மாடியறையில் நரைத்த தலைகளே அதிகம். இளைஞர்கள் இந்த இசைக்கு வராமல் இல்லை. மான்செஸ்டரில் 1971இல் பிறந்து இங்கேயே கற்று வளர்ந்த மைக்கேல் மக்கோல்ட்ரிக் இன்று உலகறிந்த ஃப்ளூட் கலைஞர். அவரைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை இருக்கிறது, ஆனால் அது மாடி ஏறுவதில்லை. பத்தே முக்காலுக்குக் கிளப் முடிந்ததும் எலக்ட்ரீஷியன் பைப்பைக் கழற்றாமலே படியிறங்கிக் கீழே போனது ஏன் என்று எனக்கு அங்கே போன பிறகு தெரிந்தது. கீழ்மேசையில் இருபது வயசுக்காரிகள் மூன்று பேர் ஃபிடிலோடு காத்திருந்தார்கள். மாடியில் வாசித்ததைவிட அவர் அங்கே நன்றாக வாசித்தார்.

நேரில் போக வழியில்லாதவர்களுக்கு ஒரு யோசனை. இணையத்தில் கிடைக்கும் வேக வேகமான மேடைக் காட்சிகளைத் தள்ளி வையுங்கள். கிழக்குக் கிளேர் ஃபிடில்காரர் மார்ட்டின் ஹேஸும் கிட்டார்காரர் டெனிஸ் கேஹிலும் சியாட்டிலில் வாசித்து 1999இல் வெளியான பதிவைத் தேடுங்கள். அதில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒரே கோவை இருக்கிறது. மிக மெதுவாகத் தொடங்கும். மெட்டுக்கு மெட்டு எங்கே தாவுகிறார் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேளுங்கள். பாதிக்கு மேல் எண்ண மறந்துவிடுவீர்கள். காதில் மாட்டிக் கேட்பதைவிட, அறையில் சத்தமாக வைத்துக் கேட்பது மேல். காலால் தட்ட வேண்டியிருக்கும், கீழ்வீட்டுக்காரர் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.